சொன்னால் செய்கிறாள்

செந்தமிழ்ச்செல்வி அக்காவோடு ஏழு வருஷம் ஒரே பஸ்ஸில் மலைக்குப் போய் வந்தவள் நான். கள்ளக்குறிச்சியில் காலை ஏழு மணிக்கு ஏறினால், கச்சிராயபாளையம் தாண்டி, வளைவெல்லாம் சுற்றி வெள்ளிமலையில் இறங்கும்போது இடுப்பு நம்முடையதாக இருக்காது. வழி முழுக்க அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டே வருவாள். தலைமையாசிரியரை, அதிகாரியை, ரோட்டை, என்னை. என்னைத்தான் அதிகம். அவளைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்தால் இதற்கும் திட்டுவாள். திட்டட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் சிறப்பாசிரியர்கள். பெயரில் மட்டும்தான் சிறப்பு. ஒப்பந்த வேலை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் எங்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. கல்வராயன்மலை ஒன்றியத்தில் எந்தெந்தப் பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகளின் பேர் இருக்கிறதோ அங்கெல்லாம் முறை வைத்துப் போக வேண்டும். பள்ளிக்கு வர முடியாத குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷத்துக்கு ஒரு தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும்.

அது நாலு பக்கம். குழந்தையால் இப்போது என்ன முடிகிறது என்பது முதல் பக்கம். இந்த வருஷம் என்ன கற்றுத்தரப் போகிறோம் என்பது இரண்டாவது. அதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து எழுதுவது மூன்றாவது. நாலாவது பக்கத்தில், பருவத்துக்கு ஒரு தடவை, குழந்தை எத்தனை படி ஏறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். அந்த நாலாவது பக்கத்தில்தான் நானும் அக்காவும் வேறு வேறு ஜாதி.

நான் அந்தப் பக்கத்தை ஜூன் மாதமே நிரப்பிவிடுவேன். முதல் பருவம் பாதி, இரண்டாம் பருவம் முக்கால், மூன்றாம் பருவம் ‘அடைந்தாள்’. பேனா நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வேன். என் பொறுப்பில் நாற்பத்து மூன்று குழந்தைகள், ஒரு மலை, ஒரு பஸ். சிலரை மாசத்துக்கு ஒரு முறை பார்த்தால் பெரிய விஷயம். பார்க்காத குழந்தை எத்தனை படி ஏறியது என்று நான் எங்கே போய்க் கேட்பது? இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் எனக்கு மேலே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அக்கா எலவனாசூர்கோட்டைக்காரி. அப்பா ராஜாங்கம் ஊரான் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டவர். மகளைச் சிறப்புக் கல்வி படிக்க வைத்தவருக்கு அது என்ன படிப்பு என்று கடைசிவரை தெரியாது. யாராவது கேட்டால் டீச்சர் படிப்பு என்று மட்டும் சொல்வாராம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவளுக்கு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில்தான் பள்ளிகள். இருபத்திரண்டு குழந்தைகளுக்குத் திட்டம் எழுதி, வருஷக் கடைசியில் பத்தொன்பது பேருக்கு ‘அடையவில்லை’ என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் தெய்வசிகாமணி கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னம்மா இது, ஒருத்தரும் ஒண்ணும் கத்துக்கலியா?”

“மூணு பேரு கத்துக்கினாங்க சார். மத்தவங்க கத்துக்கல. அதான் எழுதியிருக்கறேன்.”

“மாவட்டத்துல எல்லாரும் தொண்ணூறு பர்சன்ட் காட்டறாங்க. நீங்க ஒண்டிதான் பதிமூணு.”

“அவங்க பிள்ளைங்க எல்லாம் காலேஜுக்குப் போயிருப்பாங்க சார் இந்நேரம்.”

அடுத்த ஜூனில் மலைக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மலைக்கு நல்ல ஆசிரியர் தேவை என்றார்கள்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. திட்டம் எழுதினால் பெற்றோருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் யாரும் கொடுத்ததில்லை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, கொடுத்து என்ன செய்ய? அக்கா கொடுப்பாள். கொடுப்பதோடு விடாமல், வாசலில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பாள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான் தெருவில் நின்று கத்திக்கொண்டிருப்பேன்.

அக்கா பொறுப்பில் இருந்த அபிநயாவின் அம்மா கொளஞ்சியம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நாலாவது வரை படித்தவள். நகலை அவள் வாங்கி, மடித்து, ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பாள்.

அபிநயாவுக்கு அப்போது பதினாலு வயது. பதிவேட்டில் எட்டாம் வகுப்பு. பேச்சு இருபது, இருபத்தைந்து வார்த்தை இருக்கும். ஆள் நல்ல உயரம். யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், அதுதான் அம்மாவுக்குப் பயம். பேனா என்றால் உயிர். பேனாவைக் கொடுத்துவிட்டால் கிடைத்த தாளில் எல்லாம் டிக் போட்டுக்கொண்டே இருப்பாள். உன்னைப் போல என்று அக்கா என்னிடம் சொல்வாள்.

அப்பா இருசப்பனுக்கு வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. மரவள்ளியும் சாமையும் போடுவார். அது வருஷம் முழுக்கச் சோறு போடாது. பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி ஆள் சேர்த்து வேன் அனுப்புவான். புருஷனும் பெண்டாட்டியும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய், சித்திரை வாக்கில் திரும்புவார்கள். அபிநயாவும் கூடவே போவாள். கொல்லை ஓரத்தில் கரும்புச் சோகை வேய்ந்த குடிசையில் படுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் பருவம் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

அந்த வருஷம் கரும்புக் கொல்லையிலேயே அவள் வயசுக்கு வந்துவிட்டாள். ஜூனில் அக்கா திட்டம் எழுத உட்கார்ந்தபோது கொளஞ்சியம்மாள் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“காயம் பட்டுடிச்சின்னு நெனச்சிக்கினு ஆளாளுக்கு கூப்ட்டு காட்டிக்கினு இருந்தா டீச்சர். அத்தினி ஆம்பளைங்களும் வெட்டறத வுட்டுட்டு பாத்துக்கினு நிக்கறாங்க. நான் கட்டு தூக்கிப் போட்டுட்டு ஓடியாரதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சி.”

மேஸ்திரி அன்றைக்கே சொல்லிவிட்டானாம், அடுத்த வருஷம் இந்தப் பெண்ணை அழைத்து வரக் கூடாது என்று. வீட்டில் விட்டுவிட்டு வரவும் ஆள் இல்லை. வேறு குழுவில் இப்படி ஒரு பெண்ணுக்குக் கீழ்நாட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம், இப்போது தொந்தரவே இல்லையாம். கொளஞ்சியம்மாள் இதைச் சொன்னபோது அழவில்லை. பல் பிடுங்குவதைப் பற்றிப் பேசுவது மாதிரிதான் பேசினாள்.

அக்கா கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“கர்ப்பப்பைய எடுத்துட்டா ஆம்பளைங்க கிட்ட வரமாட்டாங்களா கொளஞ்சி?”

“வருவாங்க டீச்சர். வந்தாலும் வெளிய தெரியாம பூடும்ல.”

என் வாழ்க்கையில் அதைவிடக் கசப்பான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. சொன்னவள் தாய். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அந்தக் கொல்லையில் படுத்து எழுந்தவள், நாங்கள் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவர்கள்.

அக்கா, “பொங்கல் வரைக்கும் எனக்கு டைம் குடு. அவ சுத்தத்த அவளே பாத்துக்கற மாதிரி பண்ணிடறேன். அப்ப கூட இட்டுக்கினு போனா உனக்கு தொல்லையில்ல. அது வரைக்கும் எந்த டாக்டர் கிட்டயும் போவாத” என்றாள். கொளஞ்சியம்மாள் யோசித்துவிட்டு, சரி என்றாள்.

அந்த வருஷத் திட்டத்தில் எழுத்து, எண் எல்லாவற்றையும் அக்கா தள்ளி வைத்தாள். ஒரே இலக்கு. அதை ஐந்து படியாகப் பிரித்தாள். டப்பாவிலிருந்து நாப்கின் எடுப்பது, அதை உள்ளாடையில் ஒட்டுவது, மாற்ற வேண்டிய நேரத்தில் எடுப்பது, காகிதத்தில் சுற்றுவது, கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கை கழுவுவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வரைந்து, அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டாள். படத்துக்குக் கீழே ஒரு கட்டம். படி முடித்தால் அபிநயாவே பேனாவால் டிக் போடலாம். அந்த டிக்குக்காக அந்தப் பெண் எதை வேண்டுமானாலும் செய்வாள்.

பள்ளியின் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அக்கா கள்ளக்குறிச்சியில் ஒன்று வாங்கி வந்து அவளே திருகினாள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “இதெல்லாம் ஒரு பாடமாங்க டீச்சர்?” என்று கேட்டார். “உங்க வூட்ல யாரும் படிச்சதில்லீங்களா சார்?” என்று இவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

முதல் பருவம் முடிய இரண்டு படி. பொம்மைக்கு வைத்துப் பழக்கி, சிவப்புச் சாயம் தொட்டுக் காட்டி, மறுபடி மறுபடி. நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ஐந்து படியும் வந்துவிட்டது. அக்கா அன்றைக்குப் பஸ்ஸில் யாரையும் திட்டவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் வந்தது வீட்டில் வரவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குத் தானாக வராது, அது எங்கள் படிப்பின் முதல் பாடம். அதிலும் அந்த ஊரில் வீட்டுக்கு விலக்கானால் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஊர் ஓரத்தில் ஓலை வேய்ந்த குச்சு ஒன்று உண்டு. மூன்று நாளும் அங்கேதான். பள்ளிக் கழிவறையில் சிவப்பு மூடி போட்ட பக்கெட் இருந்தது. குச்சில் பக்கெட் கிடையாது, பின்னால் ஒரு குழிதான். எங்கள் இரண்டு பேருக்கும் குச்சு என்ற ஒன்று இருப்பதே அதுவரை உறைக்கவில்லை. ஐந்து மாசம் தப்பான இடத்தில் பாடம் நடந்திருக்கிறது.

மறு மாசம் அந்த மூன்று நாளும் அக்கா குச்சுக்குப் போனாள். உள்ளே வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். டீச்சர் வந்து தீட்டில் உட்காருகிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வெளியே வந்ததும் அவள் குளித்தால்தான் எந்த வாசலிலும் ஏற்றுவோம் என்றார்கள். டிசம்பர் குளிரில், அடிபம்புத் தண்ணீரில், புடவையோடு குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறினாள். நான் குச்சுக்குள் போகவில்லை. எனக்கு அன்று ஜலதோஷம் என்று சொன்னேன்.

குச்சில் அபிநயா நாலு படியும் தானாகச் செய்தாள். சுற்றிய பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே நின்றுவிட்டாள். பக்கெட்டைத் தேடியிருப்பாள் போலிருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். பதினோரு நிமிஷம் அந்தப் பெண் அசையாமல் நின்றாளாம். கடைசியில் அக்கா, “போடு” என்றாள். உடனே குழியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினாள். மூன்று நாளும் அதேதான். ஒரே ஒரு வார்த்தை பாக்கி.

பஸ்ஸில் அக்கா நாலாவது பக்கத்தை மடியில் வைத்து எழுதினாள். ‘இரண்டாம் பருவம்: ஐந்தில் நான்கு. ஐந்தாவது படி, சொன்னால் செய்கிறாள். உதவி தேவை.’

“அஞ்சுன்னே போட்டுடேன்க்கா. ஒரு வார்த்தைதான” என்றேன்.

“ஒரு வார்த்தைதான். கரும்புக் கொல்லையில அந்த வார்த்தைய யார் சொல்லுவா? நான் அஞ்சுன்னு போட்டுட்டு நாளைக்கே பஸ்ல இருந்து உருண்டு செத்துப்போனேன்னு வை. அடுத்து வர்ற டீச்சர் இது முடிஞ்சிபோச்சின்னு வுட்டுடுவா. அவ கைல பொட்டலத்த வச்சிக்கினு நின்னுக்கினே இருப்பா.”

அவள் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரிதான் என்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

அரையாண்டு விடுமுறைக்கு முதல் நாள் கொளஞ்சியம்மாளைப் பார்த்து அக்கா நகலைக் கொடுத்தாள். படித்துக் காட்டினாள். இன்னும் ஒரு படிதான், மாசி பிறந்தால் முடித்துவிடலாம், கரும்புக்கு ஒரு மாசம் தள்ளிப் போனால் என்ன என்று கேட்டாள். கொளஞ்சியம்மாள் தாளை வாங்கிக்கொண்டாள். “சரிங்க டீச்சர்” என்றாள். அவள் எதற்கும் அப்படித்தான் சொல்வாள் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளிக்குப் போனபோது அபிநயா வரவில்லை. கரும்புக்குப் போய்விட்டார்களோ என்று நினைத்தோம். தலைமையாசிரியர்தான் சொன்னார், வயிற்றில் ஏதோ ஆபரேஷனாம், வீட்டில்தான் இருக்கிறாளாம்.

அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அபிநயா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். எழுந்திருக்கப் பார்த்து, வலியில் முகம் சுருங்கி, மறுபடி படுத்துக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுக் காட்டி, “காயம்” என்றாள். இருசப்பன் கரும்புக்குப் போய்விட்டார். கொளஞ்சியம்மாள் மட்டும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“பொங்கல் வரைக்கும் காத்துக்கினு இருக்கறேன்னு சொன்னியே கொளஞ்சி.”

“லீவுலதாங்க டீச்சர் போனோம். புண்ணு ஆறணும்ல. அப்பதான மாசியில ஒரு பாதியாச்சும் வேலைக்குப் போவ முடியும். மேஸ்திரி எங்களுக்காக காத்துக்கினு இருப்பானா?”

“ஒரு படிதான் பாக்கின்னு சொன்னேனே.”

“சொன்னீங்க. அந்த ஒண்ணுதாங்க டீச்சர் எங்களுக்கு பெருசு.”

அவள் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. டீச்சருக்குக் கணக்குக் காட்டுவது மரியாதை என்று நினைத்திருப்பாள். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதற்குக் கீழே அக்கா கொடுத்த நகல். நகலின் மூலையில் துளை போட்டு நூல் கோத்திருந்தது. கடைசி வரிக்குக் கீழே யாரோ நீல மையால் கோடு இழுத்திருந்தார்கள்.

“டாக்டர் மொதல்ல முடியாதுன்னாரு டீச்சர். சின்னப் பொண்ணுக்கு சும்மா செய்யக் கூடாதாம். தன்னைத்தானே பாத்துக்க முடியாதுன்னு எதுனா எழுத்து இருக்குதான்னு கேட்டாரு. அட்டைய காட்னோம். அதுல வெறும் பர்சன்ட்தான் இருக்குதாம், பத்தாதுன்னாரு. அப்பறம் இத குடுத்தோம். படிச்சாரு. உதவி தேவைன்னு கவருமெண்டு டீச்சரே எழுதியிருக்காங்கன்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டாரு.”

தாளைத் தொட்டுக் காட்டி, “ரொம்ப ஒதவியா இருந்திச்சிங்க டீச்சர்” என்றாள்.

மனசாரச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா தாளை மடித்து அதே கவரில் வைத்தாள். கவரை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் என்ன டீச்சர் என்று கேட்க, வாந்தி வருகிறது என்று நான் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்குப் போய் ராத்திரியோடு ராத்திரியாக மேலே புகார் எழுதினாளாம். காலையில் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். நான் படித்துவிட்டு, “முதல்ல யார புடிப்பாங்கக்கா?” என்று கேட்டேன். டாக்டரிடம் அக்கா கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, பெற்றவர்களின் சம்மதம் இருக்கிறது. கொளஞ்சியம்மாளிடம்தான் தப்பிக்க ஒரு காகிதமும் இல்லை. அக்கா புகாரை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை அவள் கொடுக்கவே இல்லை.

மாசிக் கடைசியில் கொளஞ்சியம்மாள் மகளை அழைத்துக்கொண்டு கரும்புக்குக் கிளம்பப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். அதற்குள் ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று அக்கா கூப்பிட்டாள். நானும் போனேன்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் அபிநயா உள்ளே ஓடினாள். படம் போட்ட அட்டையையும் நாப்கின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து, அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா என்றால் அவளுக்கு இந்தப் பாடம்தான். வேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். விடவில்லை. இழுத்துக்கொண்டே குச்சு வரைக்கும் போய்விட்டாள். கொளஞ்சியம்மாளும் நானும் பின்னால் போனோம். குச்சில் அன்று யாரும் இல்லை.

அந்தப் பெண் உள்ளே போய் ஓலைத் தட்டியைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். உள்ளே இருப்பது சுத்தமான நாப்கின். இனி அவளுக்கு அது தேவையே இல்லை என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எங்களைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தாள். குழியில் போட்டாள். காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிபம்பில் கையைக் கழுவிவிட்டு வந்து, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

ஒருத்தரும் ‘போடு’ என்று சொல்லவில்லை.

அக்கா பேனாவைக் கொடுத்தாள். அபிநயா தரையில் உட்கார்ந்து ஐந்து கட்டத்திலும் டிக் போட்டாள். நிதானமாக, கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போகாமல் போட்டாள். போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கொளஞ்சியம்மாள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவிடம், “இப்டி செய்யறான்னு அன்னிக்கே எழுதியிருக்கலாமேங்க டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மை இல்லை.

திரும்பும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“அவ என் லிஸ்ட்ல இருந்திருந்தா ஜூன்லயே அஞ்சுன்னு போட்டு வச்சிருப்பேன்க்கா. அந்தத் தாள காட்டியிருந்தா எந்த டாக்டரும் தொட்டிருக்க மாட்டான்.”

“தொட்டிருக்க மாட்டான்” என்றாள் அக்கா. “நகல நீ குடுத்திருக்கவும் மாட்ட. அந்தக் குச்சுக்குள்ள ஒரு நாளும் போயிருக்கவும் மாட்ட. அவளுக்கு இன்னிக்கும் ஒரு படியும் தெரிஞ்சிருக்காது.”

இரண்டும் உண்மை. கச்சிராயபாளையம் வரை ரோட்டைக்கூட அவள் திட்டவில்லை.

மார்ச்சில் திட்டங்களை ஒப்படைக்க வேண்டும். தெய்வசிகாமணி ஒவ்வொரு கட்டாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அபிநயாவின் நாலாவது பக்கத்தில் நின்றார். மூன்றாம் பருவம் காலியாக இருந்தது. “இத காலியா அனுப்ப முடியாதும்மா. அடைந்தாளா, அடையலியா, ஏதோ ஒண்ணு எழுதுங்க” என்றார். ஆபரேஷனைப் பற்றி அக்கா சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். “கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே” என்றார். நல்ல மனுஷன்தான். அடுத்த கட்டைப் பிரித்தார்.

அக்கா தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு பேனாவையும் தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

“நீ எழுது.”

“இன்னா எழுதட்டும்க்கா?”

“கண்ணால பாத்தியே. அத எழுது.”

நான் எழுதினேன். ‘மூன்றாம் பருவம்: ஐந்தில் ஐந்து. தானாகச் செய்கிறாள். உதவி தேவையில்லை.’

என் ஏழு வருஷ வேலையில் அந்த நாலாவது பக்கத்தில் நான் எழுதிய உண்மை அது ஒன்றுதான்.